ஹெர்மிஸ் கப்பலில் எடுத்த போர்ப் பதக்கம் என்று விற்கிறார்கள்: அசலா, போலியா?

பெரியநீலாவணை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாணயமும் முத்திரையும் சேர்க்கிற எனக்குப் போர்ப் பதக்கம் புதுசு. கல்முனைப் பக்கம் ஒருத்தர் மூண்டு பதக்கம் விற்கக் கொண்டு திரியிறார். 1942 இல மட்டக்களப்புக் கடலில தாண்ட ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலுக்குள்ள இருந்து சுழியோடிகள் எடுத்தது எண்டு சொல்றார். மூண்டுக்கும் சேர்த்து 85,000 ரூபா கேக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கிறதுக்கு என்ட கையில தந்திருக்கார்.

முதலாவது, வெள்ளி நிற வட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின்ட தலை. மற்றப் பக்கம் உடுப்பில்லாத ஒருத்தர் குதிரையில இருக்கார், 1914, 1918 எண்டு ஆண்டு. மேல நேரான தண்டு, அது சுழலாது. விளிம்பில முதல் ஒரு இலக்கம், பிறகு ஏ.பி. (மாலுமிப் பதவி), பிறகு ஆளின்ட பெயர், கடைசியில ஆர்.என். (பிரித்தானியக் கடற்படை). வேர்ணியர் இடுக்கிமானியால அளந்தால் ஒரு வாட்டத்துக்கு 36.0 மில்லிமீற்றர், குறுக்கே அளந்தால் 35.5.

இரண்டாவது, செப்பு நிற வட்டம். சிறகு வச்ச பெண் நிக்கிறா. விளிம்பில எழுத்து ஒண்டும் இல்ல. எந்தப் பக்கம் அளந்தாலும் 35.2.

மூண்டாவது, ஆறு முனை நட்சத்திரம். நடுவில மன்னர் முடி, சுத்திவர பர்மா ஸ்டார் எண்டு எழுத்து. பின்பக்கம் வெறுமை. அகலம் 37.2, உயரம் 43.1. ரிபன் புதுசு மாதிரிப் பளிச்செண்டு கிடக்கு. மூண்டிலயும் இடுக்குகளில பச்சையாக உப்புப் படிஞ்சிருக்கு.

போலியெண்டால் காந்தம் ஒட்டும் எண்டு ஒரு நண்பர் சொன்னார். ஒண்டிலயும் ஒட்டயில்ல. அப்ப அசல்தானா? வேறென்ன பார்க்கோணும்?

முகத்துவாரம் எழுதியது:

தம்பி, அளவுக்குப் போக முதல் விற்கிறவர் சொல்ற கதையைக் கலண்டரில வச்சுப் பாருங்க.

ஹெர்மிஸ் தாண்டது 1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸையும், கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரையும் ஒரே காலையில தாக்கினது. பர்மா ஸ்டார் என்ற பதக்கத்தை ஏற்படுத்தினது 1945 மே மாதம். கப்பல் தாண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகு. அந்த ஒரு பதக்கம் கப்பலுக்குள்ள இருந்திருக்க வழியே இல்ல. இரண்டாம் உலகப் போரின்ட மற்ற நட்சத்திரங்களும் அப்படித்தான். முதல் இரண்டும் அறிவிக்கப்பட்டதே 1943 இல. ஆக்களுக்குக் கையில கிடைச்சது போர் முடிஞ்ச பிறகு, சின்ன அட்டைப் பெட்டியில, தபாலில.

இதைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். ஹெர்மிஸில வேலை செய்த ஒரு மாலுமிக்குப் பர்மா ஸ்டார் கிடைச்சிருக்கலாம். கடற்படைக்காரருக்கு வங்காள விரிகுடாவில செய்த பணிக்கும் அது கொடுபட்டது. இறந்தவர் எண்டால் வீட்டாருக்குப் போயிருக்கும். ஆனால் "மாலுமியின் வீட்டில் இருந்து வந்தது" என்பது வேற, "கப்பலுக்குள்ள எடுத்தது" என்பது வேற. முதலாவது நடக்கக்கூடியது. ஆனாலும் பிரித்தானியர் தங்கட படையினருக்குக் கொடுத்த இரண்டாம் போர் நட்சத்திரங்களில பெயர் பொறிக்கயில்ல. வெறும் பதக்கத்தை வச்சு இது இன்னாருடையது எண்டு ஒருவராலும் காட்ட ஏலாது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா கொடுத்தவற்றில பெயர் இருக்கும். வம்பயரில இருந்த அவுஸ்திரேலியர் ஒருவரின்ட எண்டு யாராவது பெயரில்லாத பதக்கத்தைக் கொண்டுவந்தால் அப்பவே கேள்வி கேளுங்க.

முதலாம் போர்ப் பதக்கம் வேற கதை. பழைய மாலுமி ஒருத்தர் 1914–18 பதக்கத்தைப் பெட்டிக்குள்ள வச்சுக்கொண்டு ஹெர்மிஸில ஏறியிருக்கலாம். காலக்கணக்கில அது தட்டுப்படாது. ஆனால் வெள்ளி எண்பது வருசம் உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தால் கறுத்துப் பொருக்குப் படரும், சிப்பி ஒட்டும், முகமே மங்கிப்போகும். பருத்தி, பட்டு ரிபன் மிஞ்சாது. நீங்க சொல்ற பச்சை உப்பு செம்பு கலந்த உலோகத்தில வாறது. இடுக்கில மட்டும் பூசினாப்போல இருந்தால், உப்பும் புளியும் போட்டு ஊற வச்ச வேலையாகவும் இருக்கலாம்.

இன்னொண்டு. அந்தக் கப்பலோட முந்நூறு பேருக்கு மேல செத்தவங்க. உண்மையாகவே உள்ள போய் எடுத்தது எண்டாலும் அது வாங்கக்கூடிய பொருளில்ல. "ஹெர்மிஸ்" என்ற பெயர் சொல்லிக் கேக்கிற விலைக்கு ஒரு சதமும் கூடக் குடுக்காதீங்க.

பழம்பொருள்_கல்லடி எழுதியது:

காந்தப் பரிசோதனை பற்றி முதலில். வெள்ளி, வெண்கலம், பித்தளை, கப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்தது), நாகக் (துத்தநாகக்) கலவை எதிலும் காந்தம் ஒட்டாது. இன்று வரும் மலிவான போலிகளில் பெரும்பாலானவை நாகக் கலவைதான். முலாம் பூசிய இரும்பை மட்டுமே காந்தம் காட்டிக்கொடுக்கும். ஒட்டவில்லை என்பதால் ஒன்றும் உறுதியாகாது.

உங்கள் அளவுகளே நிறையச் சொல்கின்றன. 1914–18 பிரித்தானியப் போர்ப் பதக்கமும் (குதிரை வீரர்) வெற்றிப் பதக்கமும் (சிறகுப் பெண்) 36 மிமீ விட்டம் கொண்டவை. இரண்டாம் போர் நட்சத்திரங்கள் 38 மிமீ அகலம், 44 மிமீ உயரம். உங்கள் சிறகுப் பெண் 35.2. நட்சத்திரம் 37.2 க்கு 43.1. இரண்டும் அசலை விட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு சிறியவை. இது தேய்மானமில்லை. தேய்மானம் முகத்தைத் தேய்க்கும், அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்காது. அசல் ஒன்றை அச்சாக வைத்து உருக்கி ஊற்றினால், உலோகம் ஆறும்போது அந்த அளவுக்குச் சுருங்கும். எழுத்தும் சித்திரமும் அப்படியே இருக்கும், ஆனால் எல்லாம் ஒரு சொட்டுச் சின்னதாக இருக்கும். வார்ப்புப் போலி பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்.

அடுத்தது அடர்த்தி. நகை வேலை செய்யும் தட்டாரிடம் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இருக்கும். வேண்டியது அதுவும், ஒரு பிளாஸ்ரிக் கோப்பையும், தையல் நூலும்.

ரிபனைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தை உலர்வாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கோப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்து, தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பதக்கத்தை நூலில் கட்டி முழுவதும் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது, நூலைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டும். தராசு இப்போது காட்டும் எண், பதக்கம் விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை அதால் பிரியுங்கள். 92.5 வீத வெள்ளி என்றால் 10.3 முதல் 10.4 வரை வரும். கப்ரோநிக்கல் 8.9, வெண்கலம் 8.8 பக்கம், பித்தளை 8.4–8.7, நாகக் கலவை 6.6–6.7. ஈயம் கலந்த போலி 10 ஐத் தாண்டக்கூடும், அது நகத்தால் கீறினாலே கோடு விழும்.

பிழை வருவது இரண்டு இடத்தில். தண்டுக்கும் வட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் காற்றுக் குமிழி மாட்டினால் விலக்கும் தண்ணீர் கூடிவிடும், அடர்த்தி குறைவாகத் தெரியும். சவர்க்காரச் சொட்டு அதற்குத்தான். மற்றது, பதக்கம் கோப்பையின் அடியில் தட்டுவது. அப்போது பதக்கத்தின் எடையும் சேர்ந்து தராசில் ஏறிவிடும்.

இனி உங்கள் முதலாவது பதக்கம். இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. அளவு ஒரு வாட்டத்தில் 36.0, குறுக்கே 35.5 என்றால் வட்டு வட்டமாக இல்லை. வார்ப்பென்றால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுருங்கியிருக்கும். ஒரு பகுதி மட்டும் குறைந்திருப்பது யாரோ விளிம்பை அரத்தால் ராவியதைக் காட்டுகிறது. விளிம்பை ராவுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக: இருந்த பெயரை அழித்து விலைபோகும் பெயரொன்றைப் பொறிக்க.

இந்த வெள்ளிப் பதக்கம் அறுபது இலட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டது. சாதாரணப் பெயருள்ள ஒன்றை மெனக்கெட்டு வார்த்து விற்பதில் ஆதாயமில்லை. அசலையே வாங்கி, பெயரை மாற்றி, புகழ்பெற்ற கப்பலோ படையணியோ சொல்லி விற்பதுதான் தொழில். உலோகம் அசல், முகம் அசல், எடையும் கிட்டத்தட்டச் சரி. அதனால் நாணயம் சேர்ப்பவர்கள் இதில் எளிதாக ஏமாறுகிறார்கள். நாணயத்தில் முகத்தைப் பார்த்துப் பழகிய கண் விளிம்புக்குப் போவதில்லை. பிரித்தானியப் பதக்கத்தில் முதலில் படிக்க வேண்டியது விளிம்புதான்.

உங்கள் விளிம்பு எழுத்தின் ஒழுங்கும் பிழை. தரைப்படை வீரருக்கு இலக்கம், பதவி, பெயர், படையணி என்று வரும். கடற்படை மாலுமிக்கு இலக்கம், பெயர், அதன் பிறகு பதவி, கடைசியில் ஆர்.என். அந்தக் காலத்து நிரந்தர மாலுமிகளின் இலக்கத்துக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் எழுத்தும் இருக்கும். தளத்து மாலுமிக்கு ஜே, கொதிகலன் பகுதிக்குக் கே, பரிசாரகர், சமையற்காரருக்கு எல், கைவினைஞர் முதலியோருக்கு எம். 1908 க்கு முன் சேர்ந்த பழையவர்களுக்கு வெறும் இலக்கம் இருந்திருக்கலாம், அதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் உங்களுடையதில் ஏ.பி. என்ற பதவி பெயருக்கு முன்னால் நிற்கிறது. தரைப்படை ஒழுங்கில் ஒரு மாலுமியின் பெயரை அடித்திருக்கிறார்கள்.

எழுத்தை மணிக்கூடு திருத்துபவர் கண்ணில் மாட்டும் உருப்பெருக்கியால் பாருங்கள். பத்து மடங்கு போதும். ரோச் லைட்டை மேலிருந்து பிடிக்காமல் விளிம்போடு படுக்க வைத்துப் பிடியுங்கள். அசல் எழுத்து இயந்திரத்தால் அழுத்திப் பதித்தது. எல்லா எழுத்தும் ஒரே ஆழம், ஒரே கோட்டில் நிற்கும், பள்ளத்தின் அடி தட்டையாக இருக்கும், விலகிய உலோகம் எழுத்தின் ஓரத்தில் சின்ன வரம்புபோல் எழும்பியிருக்கும். ஹாட்வெயார் கடையில் வாங்கும் எழுத்து உளிகளால் கையால் அடித்தால் ஒவ்வொரு எழுத்தும் வெவ்வேறு பக்கம் சாயும், ஒரு கால் ஆழமாகவும் மறுகால் மேலோட்டமாகவும் விழும். கீறிப் பொறித்தது வி வடிவப் பள்ளம், நுனி கூராக முடியும். லேசரால் எரித்தது அடியில் மணல் போலச் சொரசொரக்கும், ஓரம் பழுப்பேறியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெயர் மாற்றிய பதக்கம் எல்லாமே மோசடியில்லை. தன் பதக்கத்தைத் தொலைத்த வீரர் இன்னொருவருடையதை வாங்கித் தன் பெயரைப் பொறித்துக்கொள்வது அந்தக் காலத்தில் நடந்ததுதான். அப்படியானதில் எழுத்தும் விளிம்பும் ஒரே அளவு தேய்ந்திருக்கும். விளிம்பு வழவழவென்று தேய்ந்து, எழுத்து மட்டும் கூராக நின்றால் எழுத்து பின்னால் வந்தது.

மூன்றையும் நிறுத்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.

சாகாமம் எழுதியது:

நான் ரிபனைப் பற்றி மட்டும் சொல்றன். பர்மா ஸ்டார் ரிபன் 32 மிமீ அகலம். நடுவில அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கடும் நீலம், ஒவ்வொரு நீலத்துக்கும் நடுவில செம்மஞ்சள் கோடு. நிற ஒழுங்கு பிழைச்சால் அங்கேயே நிப்பாட்டலாம். ஒழுங்கு சரியெண்டால் இருட்டு அறையில புற ஊதா ரோச் அடிச்சுப் பாருங்க. காசு பார்க்கிற சின்ன ரோச் போதும். நீலமாகப் பளிச்செண்டு ஒளிர்ந்தால் போருக்குப் பிந்திய செயற்கை நூல், பதக்கமும் போலி. பின்பக்கத்தில ஒரு நூலை இழுத்து எரிச்சும் பார்க்கலாம். பட்டு மயிர் எரிஞ்ச மணம் தரும், பருத்தி கடதாசி மணம், செயற்கை உருகி உருண்டையாகும்.

வெளிநாட்டுக்காரர் வந்துபோற அறுகம்பை, பாசிக்குடாப் பக்கம் யாராவது ஜேர்மன் இரும்புச் சிலுவை காட்டினால் அதையும் சொல்லி வைக்கிறன். அதில காந்தம் உதவும். அசல் மூண்டு துண்டு. நடுவில கறுப்புப் பூசின இரும்புத் தகடு, அதை மூடி முன்னும் பின்னும் இரண்டு வெள்ளி நிறச் சட்டம், சட்டத்தைச் சுத்தி ஒட்டுக்கோடு. போலி பெரும்பாலும் ஒரே துண்டு, கறுப்பு வெறும் பெயின்ற். காந்தம் நடுவில பிடிக்காமலும், விளிம்பில ஒட்டுக்கோடு இல்லாமலும் இருந்தால் விடுங்க.

முகத்துவாரம் எழுதியது:

சாகாமம் தம்பி, ரிபன் விசயத்தில இரண்டு திருத்தம். ஒண்டு, ஒளிர்ற ரிபன் எல்லாம் புதுசில்ல. துணி தோய்க்கிற பவுடரில வெள்ளையாகக் காட்டுற மருந்து கலந்திருக்கு. பழைய பருத்தி ரிபனை ஒருதரம் அந்தப் பவுடரில அலசியிருந்தாலும் ஒளிரும். மடிப்புக்குள்ளயும் தையலுக்குள்ளயும் ஒளிருதா எண்டு பாருங்க. அலசினதில வெளிப்பக்கம் கூடவும் உள்மடிப்பு மங்கலாகவும் இருக்கும். செயற்கை நூல் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டாவது முக்கியம். ரிபன் போலியெண்டால் பதக்கம் போலியெண்டு அர்த்தமில்ல. எங்கட கடற்காத்தில ரிபன் இத்துப்போறது வழமை, வீட்டாக்கள் புதுசு வாங்கி மாட்டுவாங்க. அதே போல, பழைய ரிபனைப் போலிப் பதக்கத்தில கோர்த்து விற்கிறதும் லேசு. ரிபன் துணைச் சாட்சி மட்டும்.

பர்மா ஸ்டாரோட பசுபிக் ஸ்டாரையும் சேர்த்து "ஒரே ஆளின்ட தொகுதி" எண்டு கொண்டுவந்தாலும் நம்பாதீங்க. இரண்டுக்கும் தகுதியான ஆளுக்கு முதல் தகுதி பெற்ற நட்சத்திரம் மட்டும் கிடைக்கும், மற்றதுக்கு ரிபனில போடுற சின்னப் பட்டைத்தகடு. முதலாம் போரிலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. சிறகுப் பெண் பதக்கம் தனிய ஒருத்தருக்கும் குடுபடயில்ல, குதிரை வீரர் பதக்கத்தோட சேர்த்துத்தான். 1914–15 ஸ்டார் என்ற நட்சத்திரம் கிடைச்சவருக்கு மற்ற இரண்டும் கட்டாயம் கூட இருக்கும். குதிரை வீரர் மட்டும் தனியக் குடுபட்டது உண்டு. புதுசாகச் சேர்க்கிறவங்க ஒண்டில 1918 உம் மற்றதில 1919 உம் இருக்கிறதைப் பார்த்துப் பயப்படுறாங்க. அது பிழையில்ல, வெற்றிப் பதக்கத்தில 1914–1919 எண்டுதான் இருக்கும்.

ஒரே ஆளின்ட இரண்டு பதக்கத்தில பதவி வேறயாக இருந்தாலும் உடனே தள்ள வேண்டாம். 1914–15 ஸ்டாரில ஆள் போர்க்களத்துக்குப் போன நேரத்துப் பதவி இருக்கும், மற்ற இரண்டிலயும் பிறகு கிடைச்ச பெரிய பதவி வரும். இலக்கமும் பெயரும் ஒத்துப்போறதுதான் தேவை.

பெரியநீலாவணை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தெரிஞ்ச தட்டார் ஒருத்தரின்ட கடையில மூண்டையும் நிறுத்தன். ஒவ்வொண்டும் மூண்டு தரம்.

வெள்ளி: உலர் எடை 30.60, தண்ணியில 2.95.
சிறகுப் பெண்: 24.90, தண்ணியில 3.70.
நட்சத்திரம்: 19.00, தண்ணியில 2.24.

சிறகுப் பெண்ணின்ட பின்பக்கத்தில ஊசி குத்தினாப்போல சின்னச் சின்னக் குழி. விளிம்பைச் சுத்தி நடுவில ஒரு கோடு ஓடுது. நட்சத்திரத்தில எழுத்தின்ட மூலையெல்லாம் சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டு கிடக்கு.

பழம்பொருள்_கல்லடி எழுதியது:

கணக்கைப் பார்ப்போம்.

சிறகுப் பெண் 24.90 ஐ 3.70 ஆல் பிரித்தால் 6.73. நாகக் கலவை, மேலே செப்பு நிறப் பூச்சு. குழிகள் வார்க்கும்போது உள்ளே அடைபட்ட காற்று, விளிம்புக் கோடு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். பிரித்தானியர் கொடுத்த வெற்றிப் பதக்கத்தில் பெயரும் இருக்க வேண்டும். இதில் பேச ஒன்றுமில்லை, போலி.

நட்சத்திரம் 8.48. இது பித்தளையின் அடர்த்தி. அசல் நட்சத்திரமும் செம்பும் நாகமும் கலந்த உலோகம்தான், ஆகவே அடர்த்தி இங்கே உங்களுக்கு எதையும் தீர்த்துத் தராது. அளவுதான் தீர்க்கிறது. நூற்றுக்கு இரண்டு சுருக்கமும் உருண்ட எழுத்தும் சேர்ந்தால் வார்ப்பு. அசல் அச்சால் அடித்தது. எழுத்தின் சுவர் தளத்திலிருந்து செங்குத்தாக எழும்பும், மூலையில் விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். வழுக்கிக்கொண்டு போனால் வார்ப்பு. நட்சத்திரங்களில் மிக அதிகமாகப் போலி வருவது ஏர் குறூ யூரோப் ஸ்டார் (ஐரோப்பாவின் மேல் பறந்த விமானப் பணியாளருக்கானது), விலை மற்றவற்றை விடப் பல மடங்கு என்பதால். அதை யாராவது காட்டினால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்யுங்கள்.

வெள்ளி 10.37. அசல் வெள்ளிதான், குதிரை வீரர் பதக்கம் அசல். ஆக, அசல் பதக்கத்தில் போலிப் பெயர். உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. மெல்லிய கடதாசியை, பாணுக்குச் சுற்றும் எண்ணெய்த்தாள் வேண்டாம், சாதாரண மெல்லிய தாளை, விளிம்பில் இறுக்கிச் சுற்றுங்கள். மென்மையான பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேயுங்கள். இப்போதுள்ள எழுத்து தெளிவாக விழும். அதற்கு அடியில் பழைய எழுத்தின் சாயல் மிச்சமிருந்தால் அதுவும் மங்கலாக விழும். முக்கியமாகத் தண்டு விளிம்பில் இணையும் இடத்துக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். அங்கே அரம் முழுதாகப் போகாது. பழைய வரியின் முதல் இலக்கமோ கடைசி எழுத்தோ தப்பியிருப்பது அந்த மூலையில்தான்.

பிரித்தானிய அரசு பிற்காலத்தில் தொலைந்ததற்குப் பதிலாகக் கொடுத்தவற்றிலும், நினைவுப் பொருளாகச் செய்து விற்கும் நகல்களிலும் விளிம்பில் மாற்றுப் பிரதி, நகல் என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கலாம். மோசடிக்காரர் அந்த ஒரு சொல்லை மட்டும் ராவுவதும் உண்டு. எங்கே ராவியிருந்தாலும் வேர்ணியர் காட்டும். நான்கு வாட்டத்தில் அளவெடுக்கும் பழக்கத்தை விடாதீர்கள். அளக்கும்போது தாடையை அழுத்த வேண்டாம், வெள்ளி மென்மையானது, கோடு விழுந்துவிடும்.

முகத்துவாரம் எழுதியது:

பெயரைப் பதிவோட ஒப்பிடுறதையும் சொல்லிவிடுறன். இங்கிலாந்தின்ட தேசிய ஆவணக் காப்பகத்தின்ட இணையத்தளத்தில பெயர், இலக்கம் போட்டுத் தேடுறது இலவசம். படத்தை இறக்கத்தான் காசு. தரைப்படையின்ட முதலாம் போர்ப் பதக்க அட்டைகள் டபிள்யூ.ஓ. 372 என்ற தொகுதியில, கடற்படைப் பதக்கப் பதிவுகள் ஏ.டி.எம். 171 இல. 1940 குண்டுவீச்சில தரைப்படைச் சேவைப் பத்திரங்களில பெரும் பகுதி எரிஞ்சுபோனது, அதனால பதக்கப் பதிவுதான் பல பேருக்கு மிஞ்சின ஒரே சாட்சி. இறந்தவர் எண்டால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின்ட தளத்தில பெயர் இருக்கும். ஹெர்மிஸில செத்து உடல் கிடைக்காதவங்க இங்கிலாந்துத் துறைமுக நினைவுச் சின்னங்களில பதிவானவங்க. பெயர் பதிவில இருக்கு என்பதாலயே பதக்கம் அசலாகாது, தம்பி. போலி செய்யிறவரும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் பெயர் எடுக்கிறார். பதிவில பெயர் இல்லாட்டி பெரும்பாலும் பிழை, இருந்தால் இன்னும் விளிம்பைப் பார்க்கோணும்.

அதோட, பிரசோ என்ற உலோக மினுக்கியோ புளியோ போட்டு மினுக்க வேண்டாம். இடுக்கில இருக்கிற பச்சை எப்படி வந்தது எண்டு பார்க்க, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில பஞ்சை நனைச்சு பின்பக்கத்து மூலையொண்டில மட்டும் தொட்டுப் பாருங்க. பெயின்ற் எண்டால் பஞ்சில ஏறும். உண்மையான பச்சை ஏறாது.

பெரியநீலாவணை எழுதியது:

பஞ்சில பச்சை அப்படியே ஏறிட்டுது, மூண்டிலயும்.

பென்சில் வேலையும் செய்தன். மூண்டாவது தாளில சரிவந்தது. தண்டுக்கு வலப்பக்கம், இப்ப இருக்கிற ஆர்.என். முடிஞ்ச பிறகு, மங்கலாக இரண்டு எழுத்து. முதலாவது ஆர், இரண்டாவது இ மாதிரிக் கிடக்கு. இடப்பக்கம் வரி தொடங்கிற இடத்தில 1, 4, அதுக்குப் பிறகு 7 ஆகவோ 1 ஆகவோ ஒரு கோடு. இதில இருந்து பழைய ஆளைக் கண்டுபிடிக்கலாமா? வெள்ளிப் பதக்கத்தை மட்டும் வாங்கினால் என்ன விலை குடுக்கலாம்?

பழம்பொருள்_கல்லடி எழுதியது:

ஆர்.இ. என்றால் ரோயல் என்ஜினியர்ஸ், தரைப்படையின் பொறியியற் பிரிவு. பாலமும் பதுங்குகுழியும் கட்டிய ஒருவரின் பதக்கத்தில் மாலுமியின் பெயரை அடித்திருக்கிறார்கள். பதவி முன்னால் வந்த பிழையின் காரணமும் விளங்குகிறது, பழைய வரியின் ஒழுங்கைப் பார்த்தே புதிதையும் அடித்திருக்க வேண்டும்.

இரண்டரை இலக்கத்தை வைத்து ஆளைத் தேட முடியாது. 14 இல் தொடங்கும் இலக்கங்கள் அந்தப் பிரிவில் ஏராளம். வலப்பக்க ஆர்.இ. க்கு முன்னால் குடும்பப் பெயரின் கடைசி எழுத்து தப்பியிருக்கிறதா என்று தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அது கிடைத்தால், இலக்கத்தின் நீளமும் தெரிந்தால், பட்டியலைச் சுருக்கலாம். உருப்பெருக்கியோடு ரோச்சை எட்டுத் திசையிலிருந்தும் படுக்க வைத்துப் பாருங்கள், ஒரு திசையில் தெரியாதது இன்னொரு திசையில் நிழல் விழுந்து தெரியும்.

விலை, வெள்ளியின் விலைதான். 30.6 கிராமில் 92.5 வீதம், அதாவது 28.3 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். மற்ற இரண்டுக்கும் விலையில்லை.

வாங்கினால் இனி விளிம்பில் கை வைக்க வேண்டாம், போலிப் பெயரை அழித்துப் பழையதை வெளியே கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆர்.இ. யும் போய்விடும். பிளாஸ்ரிக் நாணயக் கவரில் போடாமல் அமிலமில்லாத கடதாசியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு மூடிய பெட்டியில் வையுங்கள். அந்த மூன்றாவது பென்சில் தாளிலும் இன்றைய திகதியையும், நான்கு வாட்டத்து அளவுகளையும், 30.60, 2.95 என்ற இரண்டு எண்ணையும் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.